உகாண்டாவுக்கு நான்கு வாரம்: பெட்டி கட்டும் முன் ஒரு மின்னஞ்சல்

கேள்வி: நான் எம்.பி.பி.எஸ். மூன்றாம் ஆண்டு மாணவி. வருகிற மே மாதம் தோழிகள் இருவருடன் நான்கு வாரம் உகாண்டாவில் ஒரு கிராமப்புற மருத்துவமனைக்குத் தன்னார்வத் தொண்டுக்குப் போகலாம் என்றிருக்கிறோம். ஏற்பாடு செய்யும் ஏஜென்சி, 'முதல் வாரத்திலேயே தையல் போடலாம், பிரசவம் பார்க்கலாம்' என்று சொல்கிறது. அங்கே கொடுப்பதற்காக இரண்டு அட்டைப்பெட்டி நிறைய ரெப் சாம்பிள் (மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகள் இலவசமாகத் தரும் மாதிரி) மருந்து சேர்த்து வைத்திருக்கிறோம். என்னென்ன ஊசி போட வேண்டும்? எதை எடுத்துப் போக வேண்டும்? அம்மாவுக்கு ஒரே பயம். ஹெபடைடிஸ் பி ஊசி முதலாண்டில் இரண்டு டோஸ் போட்டேன், மூன்றாவது விட்டுப் போனது. இப்போது நவம்பர். நேரம் போதுமா?

பதில்: நேரம் தாராளமாக இருக்கிறது. ஆனால் ஊசியில் ஆரம்பிக்காதீர்கள். முதலில் ஏஜென்சியை நடுவில் வைக்காமல் அந்த மருத்துவமனைக்கே நேராக ஒரு மின்னஞ்சல் போடுங்கள். கேட்க வேண்டியது இவ்வளவுதான்: எங்களை மேற்பார்வை செய்யப்போகிறவர் யார், அவர் பதவி என்ன? மே, ஜூனில் அவர் ஊரில் இருப்பாரா? மூன்றாம் ஆண்டு மாணவர் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது? அதே நாட்களில் உங்கள் நாட்டு மாணவர்கள் எத்தனை பேர் வார்டில் இருப்பார்கள்? நாங்கள் ஏஜென்சிக்குக் கட்டும் பணத்தில் மருத்துவமனைக்கு எவ்வளவு வருகிறது? பெயர், பதவியோடு பதில் வந்தால் அது போகத் தகுந்த இடம். 'எல்லாரும் வரலாம், எதையும் செய்யலாம்' என்று வந்தால் வேறு இடம் பாருங்கள். பதிலே வராவிட்டால், ஏஜென்சி உங்களை எங்கே கொண்டுபோய் விடப்போகிறது என்பது அந்த மருத்துவமனைக்கே தெரியாமல் இருக்கலாம்.

நான்காவது கேள்வியை ஏன் சேர்த்தேன் என்றால், பிரசவ அறையில் ஒரு நாளைக்கு வரும் பிரசவங்கள் கணக்கானவை. அவற்றில் கைபழக வேண்டிய உள்ளூர் மிட்வைஃப் மாணவிகள் வரிசையில் நிற்பார்கள். பணம் கட்டி வந்தவர் என்பதற்காக நீங்கள் முன்னால் நின்றால், அந்த ஊரிலேயே முப்பது வருடம் பிரசவம் பார்க்கப்போகிறவரின் வாய்ப்பு போகிறது.

தையலும் பிரசவமும் பற்றி ஒரே அளவுகோல் போதும். இங்கே உங்கள் கல்லூரியில் பேராசிரியர் பக்கத்தில் நின்றாலும் உங்களைச் செய்ய விடாத எதையும் அங்கே செய்யக்கூடாது. அவ்வளவுதான். ஆள் பற்றாக்குறை என்பதால் நோயாளிக்கு ஆகும் ஆபத்து குறைந்துவிடாது, கூடும். தவறு நடந்தால் சரிசெய்ய மேலே ஆள் இருக்கமாட்டார். சட்டமும் உண்டு. அங்கே மருத்துவர் பதிவைக் கவனிப்பது உகாண்டா மருத்துவ, பல் மருத்துவர் கவுன்சில். வெளிநாட்டு மாணவருக்கு என்ன அனுமதி வேண்டும் என்பதை மருத்துவமனை வழியாக அவர்களிடம் கேட்டு, எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சுற்றுலா விசா போதுமா, வேறு பாஸ் வேண்டுமா என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். ஏஜென்சியின் வாய்ச்சொல் விமான நிலையக் கவுன்ட்டரில் செல்லாது.

உங்கள் கல்லூரியிலும் ஒரு வேலை பாக்கி. டீன் அலுவலகத்தில் என்.ஓ.சி. என்கிற ஆட்சேபணையின்மைச் சான்று வாங்குங்கள். இந்த நான்கு வாரம் எலெக்டிவ், அதாவது விருப்பப் பயிற்சிக் கணக்கில் சேருமா, வெறும் விடுமுறையா என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு டிக்கெட் போடுங்கள். திரும்பி வந்தபின் வருகைப் பதிவுக்காக அலைவது பெரிய தலைவலி.

இனி ஊசி. மஞ்சள் காய்ச்சல் ஊசிதான் முதல் பூட்டு, ஏனென்றால் மற்றதெல்லாம் அதில் தொங்குகிறது. உகாண்டா விசாவுக்கு அந்நாட்டு அரசின் இணையதளத்தில் விண்ணப்பிக்கும்போது மஞ்சள் காய்ச்சல் சான்றிதழையும் பதிவேற்றச் சொல்வார்கள். எனவே ஊசி முதலில், விசா பிறகு. சான்றிதழ், ஊசி போட்ட 10 நாள் கழித்துத்தான் செல்லும். கிளம்புவதற்கு முந்தின வாரம் போட்டுக்கொண்டு விமான நிலையத்தில் மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டிலும் துறைமுகச் சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். ஒரு குப்பியில் பல டோஸ் இருப்பதால் குறிப்பிட்ட நாட்களில், முன்பதிவு செய்தவர்களுக்குத்தான் திறப்பார்கள். ஒரிஜினல் பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும். சான்றிதழாகத் தரும் மஞ்சள் அட்டையில் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் எழுத்துக்கு எழுத்து சரியா என்று அங்கேயே நின்று பாருங்கள். ஆகவே பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க வேண்டியிருந்தால் அதை முடித்துவிட்டு ஊசிக்குப் போங்கள். பயண நாளிலிருந்து 6 மாதமாவது அது செல்லுபடியாக வேண்டும். ஒருமுறை போட்டால் வாழ்நாள் முழுக்கச் செல்லும், 2016 ஜூலை முதல் அதுதான் விதி. திரும்பும்போது அட்டையைப் பெட்டிக்குள் போட்டுவிடாதீர்கள். மஞ்சள் காய்ச்சல் நாட்டிலிருந்து சான்றிதழ் இல்லாமல் வருகிறவரை இந்தியாவில் 6 நாள் வரை தனிமைப்படுத்தலாம்.

இது உயிருள்ள கிருமியைக் கொண்ட ஊசி. முட்டை ஒவ்வாமை, தைமஸ் சுரப்பிக் கோளாறு, எதிர்ப்புசக்தியைக் குறைக்கும் மருந்து, கர்ப்பம் இவற்றில் எது இருந்தாலும் ஊசி போடுகிறவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா) டோஸ் பாக்கி இருந்தால் இரண்டுக்கும் நடுவில் 4 வாரம் விடுவது நல்லது. டிசம்பரில் எம்.எம்.ஆர்., ஜனவரி பிற்பாதியில் மஞ்சள் காய்ச்சல் என்று வைத்துக்கொண்டால் இடிக்காது.

ஹெபடைடிஸ் பி மூன்றாவது டோஸ் விட்டுப்போனதற்காக முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை. இந்த வாரமே மூன்றாவதைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒன்று, இரண்டு மாதம் கழித்து ஊசி வேலை செய்ததா என்று காட்டும் ஆன்ட்டி எச்.பி.எஸ். அளவை ரத்தத்தில் பாருங்கள். 10-க்கு மேல் இருந்தால் கவலை விட்டது. குறைவாக இருந்தால் ஒரு டோஸ் சேர்த்துப் போட்டு, ஒரு மாதத்தில் மறுபடி பார்க்கலாம். நவம்பரிலேயே கேட்டதால் இதற்கெல்லாம் இடம் இருக்கிறது, ஏப்ரலில் கேட்டிருந்தால் இல்லை. பயணத்துக்காக இல்லாவிட்டாலும், ரத்தம் எடுக்கிற கை உங்களுடையது. ஊருக்குள்ளேயே இது பாக்கி வைக்கக்கூடாத ஊசி.

மற்றவை சுருக்கமாக. டைபாய்டு கான்ஜுகேட் ஊசி ஒரே டோஸ், கிளம்ப இரண்டு வாரம் முன்பாவது. கடைசி டி.டி. (டெட்டனஸ் ஊசி) போட்டு 10 வருடம் ஆகியிருந்தால் டி.டி. ஒன்று. உகாண்டாவின் வடபகுதி, மூளைக்காய்ச்சல் அடிக்கடி பரவும் மெனிஞ்சைட்டிஸ் வளையத்தில் வருகிறது. மருத்துவமனை அந்தப் பக்கம் என்றால் அதற்கான ஏ.சி.டபிள்யூ.ஒய். ஊசியும் சேரும். ரேபிஸ் முன்காப்பு ஊசி 0, 7, 21 அல்லது 28-ஆம் நாள். இதைப் பலர் வீண் செலவு என்பார்கள். கிராமத்தில் நாய் கடித்தால் கடிவாயில் போடும் இம்யூனோகுளோபுலின் என்கிற எதிர்ப்பு மருந்து கிடைப்பது சந்தேகம். முன்பே போட்டிருந்தால் அது தேவையே இல்லை, கடித்த அன்றும் மூன்றாம் நாளும் இரண்டு டோஸோடு முடிந்துவிடும். காசநோய்க்கு ஊசி இல்லை, பரிசோதனைதான்: கிளம்பும் முன் மான்ட்டூ என்கிற தோல் பரிசோதனையோ இக்ரா என்கிற ரத்தப் பரிசோதனையோ பார்த்து முடிவைக் குறித்து வையுங்கள். திரும்பி 8 முதல் 10 வாரத்தில் மறுபடி பார்க்கும்போது ஒப்பிட அடிப்படை வேண்டும். நம்மூரில் வளர்ந்தவருக்கு மான்ட்டூ முதலிலேயே பாசிட்டிவாக இருக்க வாய்ப்பு அதிகம், பதற வேண்டாம்.

மலேரியாவைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று பேச வேண்டும். நீங்கள் போகும் மாதம் அதற்குத் தோதான மாதம். மார்ச் முதல் மே வரை அங்கே மழை, மழை ஓய்கிற மே, ஜூன், ஜூலையில் மலேரியா உச்சத்துக்குப் போகும். அங்கே பெரும்பாலும் ஃபால்சிபாரம் என்கிற கடுமையான வகை. குளோரோகுயின் எடுபடாது. அங்குள்ள பெரியவர்களுக்குச் சிறுவயது முதல் அடிபட்டு அடிபட்டு ஓரளவு தாங்கும் சக்தி வந்திருக்கும். நீங்கள் ஐந்து வயதுக் குழந்தைக்குச் சமம். 'இங்கே யாரும் மாத்திரை போடுவதில்லை' என்று உள்ளூர் ஹவுஸ் சர்ஜன் சொன்னால் சிரித்துவிட்டு மாத்திரையை விழுங்குங்கள்.

மலேரியா வராமல் தடுக்கும் மாத்திரைகளில் நம் மருந்துக் கடைகளில் எளிதாகக் கிடைப்பது டாக்சிசைக்ளின் 100 மி.கி. தினம் ஒன்று. போவதற்கு 2 நாள் முன்பு தொடங்கி, அங்கே 28 நாள், வந்தபின் மேலும் 28 நாள். கூட்டினால் 58, அறுபதாக வாங்குங்கள். இதில் சறுக்குவது கடைசி 28 நாளில்தான். ஊருக்கு வந்தாகிவிட்டது என்று நிறுத்திவிடுகிறார்கள். இந்த மாத்திரை கல்லீரலில் இருக்கும் கிருமியைச் சரியாகத் தொடாது, ரத்தத்துக்கு வந்தபின்தான் பிடிக்கும். அதனால்தான் அந்த நான்கு வாரம். சாப்பாட்டுக்குப் பின் ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருங்கள். இரவு படுக்கையில் ஒரு வாய்த் தண்ணீரோடு விழுங்கினால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். பால், இரும்புச் சத்து மாத்திரை, ஆன்டாசிட் கூடவே வேண்டாம். வெயில் பட்டால் தோல் சிவந்து எரியும். நிலநடுக்கோட்டு வெயிலில் முழுக்கைச் சட்டையும் சன்ஸ்கிரீனும் அலங்காரமல்ல. பெண்களுக்குச் சிலசமயம் பூஞ்சைத் தொற்று வரும், ஃபுளூகோனசோல் 150 மி.கி. ஒரு மாத்திரை பெட்டியில் இருக்கட்டும். இது ஒத்துக்கொள்ளாதவருக்கு வாரம் ஒருமுறை மெஃப்ளோகுயின் 250 மி.கி., இரண்டு மூன்று வாரம் முன்பே தொடங்க வேண்டும். மனச்சோர்வோ, பதற்ற நோயோ, வலிப்போ முன்பு இருந்தவர்கள் அதைத் தொடக்கூடாது. உங்கள் மூவருக்கும் எது என்பதை ஒரு மருத்துவர் நேரில் பார்த்து எழுதித் தரட்டும்.

எந்த மாத்திரையும் முழுக் காவல் இல்லை. மருந்து தோய்த்த கொசுவலை ஆளுக்கொன்று. மருத்துவமனை விடுதி வலையில் ஓட்டை இருந்தால் தைக்க ஊசி நூல். கொசு மருந்து டீட் 30 முதல் 50 விழுக்காடு, சன்ஸ்கிரீன் தடவிக் காய்ந்தபின் மேலே. இந்தக் கொசு கடிப்பது சாயங்காலம் முதல் விடியும் வரை. இரவு ட்யூட்டிக்குக் கணுக்கால் மூடிய காலணி.

பூச்சி என்று வந்ததால் இன்னும் இரண்டு. துவைத்த துணியை வெளியே கொடியில் காயப்போட்டால் டும்பு ஈ அதில் முட்டையிடும். உடுத்தியபின் புழு தோலுக்குள் புகுந்து கொப்புளமாக வளரும். உள்ளாடை உட்பட எல்லாவற்றையும் சூடாக இஸ்திரி போட்டு உடுத்துங்கள், தையல் மடிப்புகளை இரண்டு தடவை. வெறுங்காலோடு மண்ணில் நடந்தால் ஜிகர் என்கிற தெள்ளுப்பூச்சி நகத்தடியில் புகும். ஞாயிற்றுக்கிழமை விக்டோரியா ஏரிக்குக் கூப்பிடுவார்கள். கரையில் நின்று படம் எடுங்கள், தண்ணீரில் கால் வைக்காதீர்கள். நத்தைக் காய்ச்சல் எனப்படும் சிஸ்டோசோமியாசிஸ் அங்கே சாதாரணம்.

ஊசிக்குத்துக் காயம்தான் மருத்துவ மாணவருக்கு உள்ள தனி ஆபத்து. உகாண்டாவில் வயது வந்தோரில் ஏறத்தாழ 20 பேருக்கு ஒருவர் எச்.ஐ.வி.யோடு வாழ்கிறார், வார்டில் படுத்திருப்பவர்களில் இன்னும் கூடுதல். தொற்றுள்ள ரத்தம் பட்ட ஊசி குத்தினால் எச்.ஐ.வி. வரும் வாய்ப்பு சுமார் ஆயிரத்துக்கு மூன்று. எதிர்ப்புசக்தி இல்லாதவருக்கு ஹெபடைடிஸ் பி வரும் வாய்ப்பு இதைவிடப் பல மடங்கு. குத்தியதும் சோப்பும் ஓடும் தண்ணீரும். பிதுக்காதீர்கள், வாயில் வைக்காதீர்கள், பிளீச்சிங், ஸ்பிரிட் ஊற்றாதீர்கள். உடனே மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். பலர் வெட்கத்தில் சொல்லாமல் விட்டுவிடுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. எச்.ஐ.வி. தடுப்பு மருந்து 2 மணி நேரத்துக்குள் தொடங்கினால் நல்லது, 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50 மி.கி. மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, தினம் ஒன்று, 28 நாள். மருத்துவமனை மின்னஞ்சலில் இன்னொரு கேள்வி சேருங்கள்: ஞாயிறு இரவு 2 மணிக்கு இந்த மாத்திரை யாரிடம் கிடைக்கும்? தெளிவான பதில் இல்லையென்றால், உங்கள் கல்லூரியில் மருத்துவர் சீட்டோடு குறைந்தது ஒரு வாரத்துக்கானதைக் கையோடு கொண்டுபோங்கள். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ இதைப் போட வேண்டும். குத்திய அன்றே அடிப்படை ரத்தப் பரிசோதனை, பிறகு 6 வாரம், 3 மாதம், 6 மாதம்.

இப்போது படிப்பு. பெட்டியைவிட இதுதான் உங்களை வார்டில் பாரமாக இல்லாமல் வைக்கும். உகாண்டா சுகாதார அமைச்சகம் வெளியிடும் 'உகாண்டா கிளினிக்கல் கைட்லைன்ஸ்' இலவசமாகக் கிடைக்கிறது. மலேரியா, நிமோனியா, வயிற்றுப்போக்கு, கடும் ஊட்டச்சத்துக் குறைவு, அரிவாள் செல் நோய் ஆகிய அத்தியாயங்களை முடித்துவிட்டுப் போங்கள். அங்கே அலகுகள் வேறு. குளுகோஸ் 3.1 என்று எழுதியிருந்தால் மில்லிமோல், 18-ஆல் பெருக்கினால் நமக்குப் பழகிய 56 வரும். கிரியாட்டினின் 177 என்றால் பயந்துவிடாதீர்கள், 88.4-ஆல் வகுத்தால் 2. இதைப் பாக்கெட் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

ஒரு உதாரணம் முழுதாகப் பார்ப்போம். 12 கிலோ எடையுள்ள குழந்தை, கடும் மலேரியா, வலிப்பு. 20 கிலோவுக்குக் கீழ் என்பதால் ஆர்டிசுனேட் என்கிற மலேரியா ஊசி மருந்து கிலோவுக்கு 3 மி.கி., அதாவது 36 மி.கி. அதற்கு மேல் எடை என்றால் கிலோவுக்கு 2.4. ஒரு மருந்துக் குப்பியில் 60 மி.கி. தூள். கூட வரும் 1 மி.லி. சோடியம் பைகார்பனேட்டில் முதலில் கரைத்து, தெளிந்தபின் 5 மி.லி. சலைன் அல்லது 5% டெக்ஸ்ட்ரோஸ் சேர்த்தால் மொத்தம் 6 மி.லி., ஒரு மி.லி.க்கு 10 மி.கி. ரத்தநாளத்தில் 3.6 மி.லி. நாளம் கிடைக்காமல் தசையில் போடுவதென்றால் 5-க்குப் பதில் 2 மி.லி. மட்டும் சேர்ப்பார்கள், மி.லி.க்கு 20 மி.கி., 1.8 மி.லி. போதும். இந்த இரண்டு கரைசலையும் குழப்புவதுதான் வழக்கமான பிழை, அளவு இரட்டிப்பாகும் அல்லது பாதியாகும். சில கம்பெனிக் குப்பிகளில் கரைக்கும் முறையே வேறு, பெட்டிக்குள் இருக்கும் தாளைப் பாருங்கள். கரைத்ததை ஒரு மணி நேரத்துக்குள் போட வேண்டும், டிரிப் பாட்டிலில் கலக்கக்கூடாது. அடுத்த டோஸ் 12-ஆவது மணி, 24-ஆவது மணி, பிறகு தினம் ஒன்று. அதே குழந்தைக்குச் சர்க்கரை 2.2 மில்லிமோலுக்குக் கீழ் என்றால் 10% டெக்ஸ்ட்ரோஸ் கிலோவுக்கு 5 மி.லி., 60 மி.லி. அலமாரியில் இருப்பது 50% ஆம்பூலாக இருக்கும். ஒரு பங்குக்கு நான்கு பங்கு ஊசித் தண்ணீர், 12 மி.லி.யோடு 48 மி.லி.

இந்தக் கணக்கை நீங்கள் போட்டுக் காட்டலாம், இன்னொருவர் சரிபார்க்கலாம், ஊசியை நர்ஸ் போடட்டும். நாற்பது நோயாளிக்கு ஒரு நர்ஸ் இருக்கும் இரவில் சரியாகப் போட்ட கணக்கு பெரிய உதவி. அதேபோல் மூச்சை முழு 60 நொடி எண்ணுவது. 2 முதல் 11 மாதக் குழந்தைக்கு 50, 1 முதல் 5 வயதுக்குள் 40, அதுவோ அதற்கு மேலோ இருந்தால் வேகம். 15 நொடி எண்ணி நான்கால் பெருக்குகிற நம் பழக்கம் இங்கே ஏமாற்றும். மேல்கைச் சுற்றளவு நாடாவில் 11.5 செ.மீ.க்குக் கீழ் சிவப்பு. வெப்பம், ஆக்சிஜன் அளவு, அம்மாவிடம் ஓ.ஆர்.எஸ். எப்படிக் கலந்தார் என்று கேட்பது, எல்லாமே நீங்கள் செய்யக்கூடியவை.

படிநிலைகளையும் தெரிந்துகொள்ளுங்கள். கிராமத் தொண்டர் குழுவுக்கு மேலே ஹெல்த் சென்டர் 2, 3, 4, பிறகு பொது மருத்துவமனை, வட்டார மேல்மருத்துவமனை, அதற்கும் மேல் கம்பாலாவின் முலாகோ போன்ற தேசிய மருத்துவமனை. சென்டர் 3-ஐ நடத்துவது கிளினிக்கல் ஆபீசர். எம்.பி.பி.எஸ். இல்லையே என்று முகம் சுளிக்க வேண்டாம். குழந்தை மலேரியாவில் அவருடைய கையும் கண்ணும் உங்கள் ஊர்ப் பட்டமேற்படிப்பு மாணவரைவிடத் தேர்ந்தவை.

மொழி கம்பாலாவைச் சுற்றி லுகாண்டா, மேற்கே ம்பராரா பக்கம் ருன்யாங்கோலே. கேஸ் ஷீட் ஆங்கிலத்தில்தான், அது நமக்கு வசதி. வணக்கம் சொல்லி நலம் கேட்காமல் நேராக 'எங்கே வலிக்குது' என்றால் மரியாதைக் குறைவு. லுகாண்டாவில் 'ஓலி ஓத்யா' என்று தொடங்குங்கள். ஆண் என்றால் 'ஸெபோ', பெண் என்றால் 'ன்யாபோ'. நன்றிக்கு 'வெபாலே'. 'ஒமுசுஜ்ஜா' என்றால் காய்ச்சல், மலேரியாவுக்கும் அதே சொல்லைப் பழக்கத்தில் சொல்வார்கள். ஆகவே 'ஒமுசுஜ்ஜா இருந்தது, மாத்திரை சாப்பிட்டேன்' என்றால் எந்தக் காய்ச்சல், எந்த மாத்திரை என்று மீண்டும் கேட்க வேண்டும். வெள்ளைக் கோட்டோடு போனதுமே உங்களை 'முசாவோ' என்பார்கள். மருத்துவர், நர்ஸ், வைத்தியம் செய்கிற எவருக்கும் அந்தப் பெயர். ஒவ்வொரு தடவையும் 'ந்தி முயிசி', நான் மாணவி என்று சொல்லுங்கள். கோட்டில் 'மாணவி' என்று ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் ஒரு பேட்ஜ். நோயாளி சம்மதிப்பது யாருக்கு என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

அந்த இரண்டு அட்டைப்பெட்டிகளையும் கொண்டுபோக வேண்டாம். மருந்து நன்கொடைக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் தெளிவாக இருக்கிறது: கேட்டதை மட்டும், அந்நாட்டு மருந்துப் பட்டியலில் உள்ளதை, போய்ச் சேரும்போது குறைந்தது ஒரு வருடம் ஆயுள் இருப்பதை. ரெப் சாம்பிளில் பத்து வகை, ஒவ்வொன்றிலும் நான்கு மாத்திரை, காலாவதி மூன்று மாதத்தில். ஒரு கோர்ஸ்கூட முழுதாகத் தேறாது. அதைப் பிரித்து அடுக்கவும் கடைசியில் எரிக்கவும் அந்த மருந்தாளுநருக்குத்தான் வேலை. போதாததற்கு அங்குள்ள தேசிய மருந்து ஆணையத்தின் அனுமதி இல்லாமல் பெட்டி பெட்டியாக மருந்து இறக்கினால் எண்டெபி விமான நிலையத்திலேயே நிற்கும். உதவ வேண்டும் என்றால் மருத்துவமனை மருந்தாளுநரிடம் என்ன தீர்ந்திருக்கிறது என்று கேட்டு, கம்பாலாவிலேயே வாங்கிக் கொடுங்கள். மிஷன் மருத்துவமனைகளுக்கு மருந்து தரும் ஜாயின்ட் மெடிக்கல் ஸ்டோர் அங்கே இருக்கிறது.

உங்களுக்கு வேண்டியதை மட்டும் நீங்களே கொண்டுபோங்கள். 2001 முதல் அரசு மருத்துவமனைகளில் கட்டணம் கிடையாது. ஆனாலும் கையுறை தீர்ந்துபோனால் நோயாளியின் வீட்டார்தான் கடைக்கு ஓட வேண்டும். பிரசவத்துக்கு வரும் பெண் பிளாஸ்டிக் விரிப்பு, கையுறை, பிளேடு, தொப்புள்கொடி கட்டும் நூல், பஞ்சு, சோப்பு அடங்கிய 'மாமா கிட்' ஒன்றைக் கையோடு கொண்டுவருவார். அதில் உள்ள கையுறையை மாணவி போட்டு வீணாக்கினால், பிரசவம் பார்க்கிறவருக்கு இல்லாமல் போகும். ஆளுக்குச் சாதாரணக் கையுறை 100 கொண்ட பெட்டி இரண்டு, உங்கள் அளவில் ஸ்டெரைல் கையுறை 20 ஜோடி, என்-95 முகக்கவசம் 20, கண்ணாடிக் கவசம் ஒன்று, கைகழுவும் ஆல்கஹால் அரை லிட்டர். ஸ்டெத், தெர்மாமீட்டர், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர், நெற்றியில் கட்டும் டார்ச், உபரி பேட்டரி. கரண்ட் போகும், டார்ச் இல்லாமல் இரவு ட்யூட்டி இல்லை. பிளக் பெரிய சதுரக் கால் மூன்றுள்ள பிரிட்டிஷ் வகை, நம் உருண்டைப் பின் நுழையாது. சானிட்டரி நாப்கின் நான்கு வாரத்துக்கும். டாலர் நோட்டு புதிதாக, கசங்காமல், பழசை வாங்கமாட்டார்கள். சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம், மாட்டோக்கே வாழைக்காய், பீன்ஸ், வேர்க்கடலைக் குழம்பு எங்கும் உண்டு. இந்தியர்கள் விட்டுவந்த சப்பாத்தி தெருவுக்குத் தெரு சுடப்படுகிறது. உங்களை 'முயிண்டி' என்று கூப்பிட்டால் 'இந்தியர்' என்று பொருள், வசையல்ல.

அம்மாவிடம் சொல்ல வேண்டியது வேறு. அவர் பயப்படுவது எபோலாவுக்கு. அதைத் தள்ளிவிடவும் வேண்டாம். 2022 செப்டம்பரில் முபெண்டேயிலும், 2025 ஜனவரியில் கம்பாலாவிலும் சூடான் வகை பரவியது. 2022-இல் தொற்றியவர்களில் மருத்துவ மாணவர்களும் இருந்தார்கள். டிக்கெட் போடும் முன்பும் கிளம்பும் வாரமும் உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பரவல் அறிவிப்பைப் பாருங்கள். பரவல் அறிவிப்பு இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள், தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாக வாங்குவது அதற்குத்தான். ஆனால் தினசரி ஆபத்து சாலையில்தான் இருக்கிறது. போடாபோடா எனப்படும் வாடகை மோட்டார்சைக்கிளில் ஹெல்மெட் இல்லாமல், மூன்று பேராக ஏறாதீர்கள். இருட்டியபின் ஊர்விட்டு ஊர் போகாதீர்கள். காப்பீட்டில் விமானத்தில் நோயாளியை மாற்றும் செலவு சேர்ந்திருக்கிறதா, மருத்துவமனைப் பணியில் ஏற்படும் தொற்றை விலக்கியிருக்கிறதா என்று சின்ன எழுத்தைப் படியுங்கள். கம்பாலா இந்தியத் தூதரகத்தில் பெயர் பதிந்து, அந்த எண்ணையும் மேற்பார்வையாளர் எண்ணையும் அம்மாவிடம் எழுதிக் கொடுங்கள்.

வார்டில் படம் எடுக்க வேண்டாம். குழந்தையோடு செல்ஃபி அறவே வேண்டாம். அங்கே 2019-இல் தனிமனிதத் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. சட்டம் இல்லாவிட்டாலும், கோயம்புத்தூர் மருத்துவமனையில் ஒரு வெளிநாட்டு மாணவர் உங்கள் தம்பி படுத்திருப்பதைப் படம் எடுத்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அங்கே காய்ச்சல் வந்தால் அன்றே மலேரியா பரிசோதனை. மாத்திரை தவறாமல் போட்டேன் என்பது வராது என்பதற்குச் சான்றல்ல. சிக்கலில்லாத மலேரியா என்று உறுதியானால் ஆர்டிமீதர்-லூமிஃபேன்ட்ரின் நான்கு நான்கு மாத்திரையாக நாளைக்கு இரண்டு வேளை, 3 நாள், மொத்தம் 24. இரண்டாவது வேளை மட்டும் 8 மணி நேரத்தில். கொஞ்சம் கொழுப்புள்ள சாப்பாட்டோடு போட்டால்தான் உடம்பில் ஏறும்.

ஊருக்கு வந்தபின் மூன்று மாதம் வரை எந்தக் காய்ச்சலையும், இல்லை என்று உறுதியாகும் வரை, மலேரியாவாகவே எடுத்துக்கொள்ளுங்கள். இங்கேதான் கோட்டை விடுவார்கள். ஜூலை, ஆகஸ்டில் தமிழ்நாட்டில் காய்ச்சல் என்று போனால் டெங்கு, டைபாய்டு என்றுதான் கை போகும். பரிசோதனைப் பட்டியலில் மலேரியா கடைசியில் நிற்கும். ஃபால்சிபாரம் இரண்டு நாளில் மூளைக்கு ஏறிவிடலாம். எனவே உள்ளே போனதும் முதல் வாக்கியமாக, 'உகாண்டாவிலிருந்து இந்தத் தேதியில் வந்தேன்' என்று சொல்லுங்கள். வந்து 21 நாளுக்குள் என்றால் போகும் முன்பே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள், எபோலா அங்கே இருந்ததா என்று அவர்கள் பார்க்க வேண்டும். மலேரியாவுக்கான முதல் ரத்தத் தடவல் (கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்க்கும் பரிசோதனை) நெகட்டிவ் என்றால் 12 முதல் 24 மணி நேரத்தில் மறுபடி, மூன்று முறை வரை. இதை நான்கு வரியில் ஒரு சீட்டில் எழுதி உங்கள் பர்ஸில் ஒன்று, அம்மாவிடம் ஒன்று. ஜுரத்தில் பிதற்றுகிற நேரத்தில் அதைச் சொல்லப் போகிறவர் அவர்தான்.